தண்ணீர் போன வழியே துனிசியா: முதல்முறை போகிறவர்களுக்கு

துனிசியாவின் வரைபடத்தை விரித்தால் வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே சஹாரா. இரண்டுக்கும் இடையில் ஒரு பகல் பயணம்தான். அதனால் முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: ஆறே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் நாளே பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

கிழித்த பிறகுதான் வேறொரு வழி தென்பட்டது. இந்த நாட்டில் பழைய ஊர் எதுவானாலும், பேரீச்சந்தோப்பு எதுவானாலும், அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது? ரோமானியர்கள் மலையிலிருந்து கால்வாய் கட்டிக் கொண்டுவந்தார்கள். கைருவானில் பள்ளிவாசல் முற்றத்தையே மழைநீர்ப் பிடிப்பாக்கினார்கள். தோசரில் ஊற்றுநீரை முறை வைத்துப் பங்கிட்டார்கள். மழை பெய்யும் வடக்கில் தொடங்கி, மழையே இல்லாத தெற்கில் முடிக்கும்படி பயணத்தை அமைத்தால், ஒவ்வோர் இடமும் அடுத்ததைப் புரியவைக்கும். தெற்கிலிருந்து தொடங்கினால் இந்தத் தொடர்ச்சி கிடைக்காது. கீழே நான் சொல்வது பன்னிரண்டு நாள் கணக்கு. பத்து நாளில் முடிக்கலாம். எட்டு நாள்தான் இருக்கிறது என்றால் வடக்கு அல்லது தெற்கு, ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள்.

எப்போது போவது

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய. இதற்கு அடுத்த இடம் மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு. ஜூலை, ஆகஸ்டில் தெற்கே 45 பாகையை எளிதாகத் தொடும்; அப்போது போய்விட்டு ஊரைக் குறை சொல்வதில் பயனில்லை. டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும். ஆனால் பாலைவன இரவு உறைநிலைக்கு அருகே இறங்கும், கம்பளியாடை இல்லாமல் கூடாரத்தில் தூங்க முடியாது. நான் நவம்பரைச் சொல்வதற்குக் காரணம் பேரீச்சை. அறுவடை அக்டோபர், நவம்பரில் நடக்கிறது. தோப்பில் ஆள் நடமாட்டம் இருக்கும், மரத்தில் குலை இருக்கும், சாலையோரத்தில் பெட்டி பெட்டியாக விற்பனை இருக்கும்.

ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னே நகர்கிறது. அந்த மாதத்தில் பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும், தொல்லியல் இடங்களும் சீக்கிரம் மூடும். நோன்பு திறந்த பின் இரவுகள் அழகானவைதான். ஆனாலும் முதல் பயணத்துக்கு அந்த மாதம் வேண்டாம்.

விசா, விமானம், பணம்

விசா விதி கடவுச்சீட்டைப் பொறுத்தது, அடிக்கடி மாறுவதும்கூட. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் புது டெல்லியிலுள்ள துனிசியத் தூதரகத்தின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். தங்கும் இடத்தின் முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமானங்கள் தோஹா, துபாய், இஸ்தான்புல் வழியாகப் போகின்றன. இறங்குவது தலைநகரிலுள்ள துனிஸ் கார்த்தேஜ் விமான நிலையம்.

துனிசிய தினார் அந்த நாட்டுக்குள் மட்டும் புழங்கும் பணம். வெளியே வாங்கவும் முடியாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. ஆகவே யூரோவோ டாலரோ ரொக்கமாகக் கொண்டுபோய் அங்கே வங்கியில் மாற்றுங்கள். மாற்றும்போது தரும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்பும்போது அது தேவைப்படும்.

ஒரு தினாருக்கு நூறு அல்ல, ஆயிரம் மில்லீம். இது தெரியாமல் முதல் நாள் பேரீச்சை விலை கேட்டேன். கடைக்காரர் பிரெஞ்சில் "ஆறாயிரம்" என்றார். திகைத்துப்போய் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த தாள்களிலிருந்து ஒரு ஐந்து தினார் தாளை உருவி எடுத்து, ஒரு நாணயம் போதும் என்று விரலால் காட்டினார். ஆறாயிரம் மில்லீம் என்றால் ஆறு தினார். உள்ளூர்க்காரர்கள் பலர் இன்னும் ஆயிரத்தில்தான் விலை சொல்கிறார்கள்.

சுங்கத்தில் ஒரு கண்டிப்பு: ட்ரோன். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

லுவாஜ்: ஊருக்கு ஊர் போகும் வழி

ரயில் உண்டு, பஸ் உண்டு. ஆனால் துனிசியாவை இயக்குவது லுவாஜ் என்னும் எட்டு இருக்கை வேன். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் வண்ணப் பட்டை. சிவப்புப் பட்டை தொலைதூரம், நீலம் அதே வட்டாரத்துக்குள், மஞ்சள் கிராமப்புறம். நேர அட்டவணை கிடையாது. எட்டுப் பேர் சேர்ந்ததும் புறப்படும். நிலையத்துக்குள் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், யாராவது ஒருவர் கையைப் பிடித்து வண்டியில் உட்காரவைத்துவிடுவார். கட்டணம் அரசு நிர்ணயித்தது, பேரம் இல்லை. பல நிலையங்களில் முதலில் சாளரத்தில் டிக்கெட் வாங்க வேண்டும்.

துனிஸில் திசைக்கு ஒரு நிலையம். சூஸ், ஸ்ஃபாக்ஸ், தெற்குப் பக்கம் போக மோன்செஃப் பே. வடமேற்குக்கு பாப் ஸாதூன். டாக்சி ஓட்டுநரிடம் நிலையத்தின் பெயரைச் சொல்வதைவிடப் போக வேண்டிய ஊரைச் சொல்லுங்கள், சரியான இடத்தில் இறக்கிவிடுவார். மீட்டர் போடச் சொல்ல மறக்காதீர்கள்.

காலையில் லுவாஜ் மளமளவென்று நிரம்பும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு சிற்றூர்களிலிருந்து வண்டியே இல்லாமல் போகலாம். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

துனிஸ், கார்த்தேஜ்: முதல் இரண்டு நாள்

முதல் நாள் பழைய நகரமான மெதீனாவில் நடந்து களைப்பாறுங்கள். "இன்றைக்கு விசேஷ விழா, இன்றே கடைசி, மாடியிலிருந்து ஊரைப் பார்க்கலாம் வாருங்கள்" என்று ஒருவர் நட்பாக அழைத்தால், அந்த மாடிக்குக் கீழே கம்பளக் கடை இருக்கிறது என்று பொருள். நான் ஏறினேன். இறங்கிவர ஒன்றரை மணி நேரமும் மூன்று குவளைத் தேநீரும் ஆயின.

இரண்டாம் நாள் கார்த்தேஜ். நகர நடுவிலிருந்து டிஜிஎம் என்னும் சிறிய ரயில் கடலோரமாகப் போகிறது. கார்த்தேஜ் என்ற பெயரிலேயே வரிசையாகப் பல நிறுத்தங்கள் வரும். கார்த்தேஜ் ஹனிபாலில் இறங்குங்கள். இடங்கள் ஒரே வளாகத்தில் இல்லை, ஒரு பணக்காரப் புறநகரின் வீடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. எந்த வாயிலில் டிக்கெட் வாங்கினாலும் அன்றைக்கு எல்லா இடங்களுக்கும் செல்லும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கி.மு. 814இல் ஃபினிசிய அரசி எலிஸ்ஸா இங்கே வந்து, ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் கேட்டு, தோலை நூலிழையாக வெட்டி ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள் என்பது மரபுக்கதை. அந்தக் குன்று பீர்சா. கி.மு. 146இல் ரோமானியர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பின்னர் அவர்களே அதன்மேல் புது ஊரைக் கட்டினார்கள். எனவே நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி ரோமானியருடையது. பீர்சாச் சரிவில் மட்டும் பழைய கார்த்தேஜின் வீட்டு வரிசை தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு தரைக்கடியில் நீர்த்தொட்டி இருப்பதை அங்கே கவனியுங்கள்.

அடுத்து கடலோரமுள்ள அந்தோனினஸ் குளியல்கூடம். மலைக்க வைக்கும் அளவில் நிற்கும் இந்த இடிபாடு உண்மையில் கட்டடத்தின் அடித்தளம் மட்டுமே. மேல்தளம் எவ்வளவு உயரம் என்று உணர்த்தவே ஒற்றைத் தூண் ஒன்றை மறுபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய குளியல்கூடத்துக்கான நீர் தெற்கே ஸாக்வான் மலையிலிருந்து வந்தது. வளைந்து வளைந்து வந்த அந்தக் கால்வாயின் நீளம் 132 கிலோமீட்டர். நீர் வந்து சேர்ந்த லா மால்கா தொட்டிகளும் கார்த்தேஜிலேயே இருக்கின்றன. அங்கே கூட்டமே இருக்காது.

ஒரு எச்சரிக்கை: குளியல்கூடத்துக்கு அடுத்த மதிலுக்குள் இருப்பது குடியரசுத் தலைவர் மாளிகை. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினால் விசில் சத்தம் கேட்கும்.

மாலையில் அதே ரயிலில் சீதி பூ சையித். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, பைன் விதை மிதக்கும் புதினாத் தேநீர். படத்தில் பார்த்தது போலவே இருக்கும், கூட்டமும் அப்படியே. ஒரு மணி நேரம் போதும்.

டூகா: மூன்றாம் நாள், அவசரம் வேண்டாம்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடிபாட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் டூகா என்னும் ரோமானிய ஊரைச் சொல்வேன். துனிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 110 கிலோமீட்டர். பாப் ஸாதூனிலிருந்து தெபுர்சூக் ஊருக்கு லுவாஜ். அங்கிருந்து மலைமேல் ஏற டாக்சி. டாக்சிக்காரரிடம் திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும் நேரத்தைப் பேசி, பாதிப் பணத்தை மட்டும் கொடுங்கள். நான் முழுப்பணமும் கொடுத்துவிட்டு, மாலையில் ஒலிவத் தோப்புகளின் ஊடே நெடுஞ்சாலை வரை நடந்து இறங்கினேன். நடை நன்றாகத்தான் இருந்தது. கடைசி லுவாஜைப் பிடிக்கும் பதற்றம்தான் நன்றாக இல்லை.

வாயிலில் நுழைந்ததும் அரங்கு. கி.பி. 168-69இல் உள்ளூர்ச் செல்வர் ஒருவர் கட்டிக் கொடுத்தது, 3,500 பேர் உட்காரலாம். மேல்படியில் உட்கார்ந்தால் கோதுமை வயல் விரிந்த பள்ளத்தாக்கு தெரியும். இந்த ஊர் ஏன் இத்தனை செழிப்பாக இருந்தது என்று அந்தக் காட்சியே சொல்லிவிடும். அடுத்து கோயில். முக்கோண முகப்பில் கழுகு ஒன்று பேரரசர் அந்தோனினஸ் பயஸை வானுலகுக்குத் தூக்கிப் போகிறது. கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் தரையைப் பாருங்கள்: பெரிய வட்டம் செதுக்கி, பன்னிரண்டு காற்றுகளின் பெயர்களைச் சுற்றிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும்.

அங்கிருந்து கீழே இறங்கினால் குளியலிடம் ஒன்றை ஒட்டிப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்காரும் கழிப்பிடம். குதிரைலாட வடிவக் கல் திண்ணை. அடியில் சாக்கடை, எதிரில் கைகழுவக் கல்தொட்டி. வருகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும்தான்.

ஊரின் அடிவாரத்தில் தனியாக ஒரு கோபுரம். ரோமானியருக்கும் முந்தைய நுமிதிய ஈமச்சின்னம், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கார்த்தேஜின் பியூனிக் மொழியிலும் பண்டை லிபிய மொழியிலும் எழுதிய கல்வெட்டு ஒன்று பதிந்திருந்தது. 1842இல் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீட் அதைப் பெயர்த்தெடுக்கக் கட்டடத்தையே இடித்தார். கல்வெட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். கீழே சிதறிய கற்களை வைத்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் லூயி புவான்ஸோ கோபுரத்தைத் திரும்ப எழுப்பினார். அந்தக் கல்வெட்டை வைத்துத்தான் பண்டை லிபிய எழுத்தைப் படிக்கக் கற்றார்கள் என்பதால் இடித்தவரை வாழ்த்துவதா வைவதா என்று வழிகாட்டிகளே தடுமாறுவார்கள். நான் வைகிற பக்கம்.

டூகாவில் கடை எதுவும் இருக்காது என்று எண்ணிக்கொண்டு போங்கள். தண்ணீர், ரொட்டி, தொப்பி கையில் இருக்கட்டும். குறைந்தது நாலு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பார்தோ: டூகாவுக்குப் பிறகு

துனிஸின் பார்தோ அருங்காட்சியகத்தை எல்லாரும் முதல் நாளே பார்த்துவிடுகிறார்கள். நான் சொல்வது: டூகாவைப் பார்த்துவிட்டு நாலாம் நாள் காலையில் போங்கள். டூகாவின் பல வீடுகளில் தரை வெறுமையாக இருந்ததல்லவா, வண்ணக் கல் துண்டுகள் பதித்த மொசைக் படங்களான அந்தத் தரைகள் இங்கே சுவரில் தொங்குகின்றன. கப்பலின் பாய்மரத்தில் கட்டுண்டு நிற்கும் கிரேக்கக் காவிய வீரர் யுலிஸஸ், டூகாவின் வீடு ஒன்றிலிருந்து வந்தவர்தான். காலால் மிதிக்கச் செய்த படத்தை அண்ணாந்து பார்க்கும்போது ஏற்படும் குழப்பம் அருமையானது. 2015 மார்ச் 18 அன்று இந்த அருங்காட்சியகத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழந்தவர்களுக்கான நினைவிடமும் இங்கே உண்டு. 2021இல் மூடப்பட்ட அருங்காட்சியகம் 2023 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை.

இன்னொரு நாள் கையிருப்பில் இருந்தால் ஜெந்தூபா அருகே புல்லா ரெஜியா. வெயிலுக்கு அஞ்சிய செல்வர்கள் தரைக்கு அடியில் ஒரு தளம் கட்டிக்கொண்ட ஊர். இங்கே மொசைக் இன்னும் தரையிலேயே இருக்கிறது. காவலர் தண்ணீர் தெளித்து நிறத்தைக் காட்டட்டுமா என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள், மொசைக்குக்கு அது கேடு.

கைருவான், எல் ஜெம்

நாலாம் நாள் பிற்பகலே கைருவானுக்கு லுவாஜ் ஏறிவிடலாம். கி.பி. 670இல் உக்பா இப்னு நாஃபி நிறுவிய ஊர், அவர் பெயரிலேயே பெரிய பள்ளிவாசல். மற்ற மதத்தவர் முற்றம் வரை போகலாம். தொழுகைக் கூடத்தைத் திறந்த கதவு வழியாகப் பார்க்கலாம். கை கால் மூடிய உடை வேண்டும். வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்குச் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

முற்றத்தில் எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். தளம் முழுக்க ஒரு புள்ளியை நோக்கிச் சரிகிறது. அந்தப் புள்ளியில் பளிங்குக் கல்லில் படிப்படியாகக் குடைந்த பள்ளம். மழைநீர் ஒவ்வொரு படியிலும் தேங்கித் தேங்கி, தூசியை விட்டுவிட்டு, தெளிந்து அடியிலுள்ள தொட்டிக்குள் இறங்கும்படி அமைத்தது. பக்கத்தில் கிணற்றுவாய்கள். அவை ரோமானியத் தூண்களின் பீடத்தைக் குடைந்து செய்தவை. விளிம்பில் விரல் நுழையும் ஆழத்துக்குக் கயிறு தேய்த்த தடங்கள். எத்தனை நூற்றாண்டு இழுத்திருப்பார்கள்! நான் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றதில் கோபுரத்தைப் படமெடுக்கவே மறந்துபோனேன்.

ஊருக்கு வெளியே அக்லபித் அரசர்களின் 9ஆம் நூற்றாண்டுக் குளங்கள். பெரிய குளத்தின் விட்டம் 128 மீட்டர். அருகே சிறு குளம் வண்டல் படிவதற்கு. பள்ளிவாசல் பளிங்கில் செய்ததையே இங்கே பெரிதாகச் செய்திருக்கிறார்கள். திரும்பும்போது மக்ரூத் வாங்குங்கள். ரவைக்குள் பேரீச்சை வைத்துப் பொரித்துப் பாகில் போட்ட பண்டம். கால் கிலோ கேளுங்கள். அரை கிலோ வாங்கினால் திகட்டிவிடும்.

அடுத்து சூஸ் வழியாக எல் ஜெம். சூஸிலிருந்து ரயில் உண்டு, நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் திடுமென்று சந்து முனையில் எழுந்து நிற்கும் அந்த வட்டரங்கு. கி.பி. 3ஆம் நூற்றாண்டு, 35,000 பேர் உட்காரும் அளவு. ஆறில்லாத, குளமில்லாத இந்த இடத்தில் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? ஒலிவ எண்ணெயிலிருந்து. மழை குறைந்த மண்ணில் எண்ணெய் விளைவிக்கத் தெரிந்தவர்கள் ரோமுக்கே விற்றார்கள். களத்துக்கு அடியிலுள்ள சுரங்கப் பாதைக்குக் கட்டாயம் இறங்குங்கள். விலங்குகளை அடைத்துவைத்த அறைகள் அங்கேதான். சாயங்காலம் கல் தேன்நிறமாகும் நேரத்தில் போவது நல்லது. இரவு ஸ்ஃபாக்ஸில் தங்கினால் மறுநாள் கஃப்ஸா வழியாகத் தோசர் போக வசதி. அந்த நாள் முழுக்க வண்டியிலேயே கழியும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

தோசர்: தோப்புக்குள் நடக்கக் கற்பது

தோசரில் குறைந்தது இரண்டு இரவு. பழைய தெருக்களில் மஞ்சள் செங்கல்லைப் புடைத்தும் உள்வாங்கியும் அடுக்கிச் சுவரிலேயே கம்பளக் கோலம் போட்டிருப்பார்கள். அழகுக்கு அழகு, புடைத்த கல் தன் நிழலாலேயே சுவரைச் சூடாகாமல் காக்கவும் செய்கிறது.

தோப்புக்கு வாடகைச் சைக்கிளிலோ நடந்தோ போங்கள். குதிரை வண்டிக்காரர்கள் வேகமாகச் சுற்றிக்காட்டி இறக்கிவிடுவார்கள், ஒன்றும் மனத்தில் நிற்காது. உள்ளே நுழைந்ததும் காற்று மாறும். மேலே பேரீச்சை குடை பிடிக்கிறது. அதன் நிழலில் அத்தி, மாதுளை, ஆப்ரிகாட். அதற்கும் கீழே கீரை, வெங்காயம், கால்நடைத் தீவனம். மூன்றடுக்குப் பயிர். மேலடுக்கு பட்டுப்போனால் கீழடுக்கு ஒரு கோடையைத் தாங்காது.

இந்தத் தோப்பின் நீர்ப்பங்கீட்டை 13ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் வகுத்தார். ஊற்றுநீரை ஓடைகளாகப் பிரித்து, எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்தார்கள். நேரத்தை அளந்தது அடியில் ஓட்டையிட்ட கலம், பெயர் கதூஸ். நம் நாழிகை வட்டிலுக்கு உறவுக்காரன். கலம் ஒருமுறை காலியானால் ஒரு பங்கு. இன்று அந்த இயற்கை ஊற்றுகள் வற்றிவிட்டன. ஆழ்துளைக் கிணற்று நீர்தான் வாய்க்காலில் ஓடுகிறது. கெபிலிப் பக்கம் ஆழத்திலிருந்து வரும் நீர் அவ்வளவு சூடாக இருப்பதால், கோபுரம் கட்டி ஆறவைத்த பிறகே பாய்ச்சுகிறார்கள். சாலையில் போகும்போது ஆவி பறக்கும் அந்தக் கோபுரங்களைக் காணலாம். புதிய தோப்புகள் பெருகப் பெருக நிலத்தடி நீர் இறங்குகிறது. தோப்புக்காரர்களோடு பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் இந்தக் கவலை வந்துவிடும்.

வாங்க வேண்டிய பேரீச்சை தெக்லத் நூர். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கொட்டை நிழலாகத் தெரியும் அளவுக்குக் கண்ணாடித்தன்மை. காம்போடு உள்ள குலையைக் கேட்டு வாங்குங்கள். காலையில் லக்மி விற்பார்கள். பேரீச்சையின் பதநீர். ஆறு மணிக்கு இனிப்பு, பத்து மணிக்குப் புளிப்பு, மதியத்துக்குமேல் கள். பனைமரத்து ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மலைச் சோலைகள்

தோசரிலிருந்து ஷெபிக்கா, தமெர்சா, மீதெஸ் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். அல்ஜீரிய எல்லையை ஒட்டிய மலை. வாடகைக் காரை ஓட்டுநரோடு பேசிக்கொள்ளுங்கள், நாலு பேர் சேர்ந்தால் செலவு குறையும். விடுதிகளில் காலை உணவு நேரத்தில் கேட்டாலே கூட்டாளிகள் கிடைப்பார்கள். மூன்று ஊர்களிலும் பழைய குடியிருப்பு இடிந்து கிடக்கும், பக்கத்திலேயே புதிய ஊர் இருக்கும். காரணம் போர் அல்ல, மழை. 1969இல் நாட்கணக்கில் விடாமல் பெய்த மழையில் மண்வீடுகள் கரைந்துபோயின. தண்ணீருக்காகவே ஊர் கட்டியவர்களை அதே தண்ணீர் கிளப்பிவிட்டது.

ஷெபிக்காவில் மேல்நோக்கி ஏறி மறுபக்கம் இறங்கினால் பாறை இடுக்கிலிருந்து ஊற்று வரும். பிடிப்புள்ள காலணி வேண்டும். மீதெஸில் ஆழமான மலையிடுக்கின் விளிம்பில் தடுப்புக் கம்பி எதுவும் கிடையாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள். எல்லைப் பக்கமாகத் தனியே நடந்து போகாதீர்கள். வழியில் காவலர் சோதனை இருக்கும், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். கஸ்ரீனை ஒட்டிய ஷம்பி மலைப்பகுதி ராணுவத்தின் மூடிய பகுதி, அந்தப் பக்கம் திட்டமே வேண்டாம்.

உப்பு ஏரியைக் கடந்து தூஸ்

தோசரிலிருந்து கெபிலிக்குப் போகும் சாலை ஷோத் எல் ஜெரீத் என்னும் உப்பு ஏரியின் குறுக்கே கரை கட்டிப் போட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை. ஓரத்து ஓடைகளில் நீர் இளஞ்சிவப்பாகத் தேங்கும். லுவாஜ் இங்கே நிற்காது. நிற்க வேண்டுமானால் தனி வண்டி. மேலோடு உறுதியாகத் தெரிகிறதே என்று கரையிலிருந்து இறங்கித் தூரம் நடக்காதீர்கள், அடியில் சேறு. நான் பத்தடி போய் முழங்கால் வரை புதைந்து, ஒரு செருப்பை ஏரிக்கே காணிக்கையாக விட்டு வந்தேன்.

தூஸ் மணலின் விளிம்பில் உள்ள ஊர். வியாழக்கிழமை சந்தை. புதன் இரவே வந்துவிட்டால் காலையில் ஆடு, ஒட்டகப் பேரத்தைப் பார்க்கலாம். டிசம்பர் இறுதி வாக்கில் பாலைவன விழா நடக்கும், அப்போது அறை கிடைப்பது கடினம். ஒட்டகச் சவாரி ஒரு மணி நேரம் என்பதே பெரும்பாலானவர்களின் தொடைக்குப் போதுமானது. இரவு மணலில் தங்க ஆசையென்றால் விலை பேசும்போது நாலு கேள்வி கேளுங்கள்: போர்வை எத்தனை, தண்ணீர் எவ்வளவு, உணவு என்ன, கழிப்பிடம் எங்கே. முகத்தைச் சுற்றிக்கொள்ள ஷெஷ் என்ற நீளத் துணி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டும் முறையைக் கடைக்காரரே சொல்லித் தருவார்.

இன்னும் உள்ளே போக விரும்புகிறவர்களுக்கு க்ஸார் கிலான். நாலுசக்கர விசை வண்டியும் பழகிய ஓட்டுநரும் வேண்டும். தனியாக முயல்வது முட்டாள்தனம். அதற்கும் தெற்கே ராணுவப் பகுதி, அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. க்ஸார் கிலானில் வெந்நீர் ஊற்றுக் குளம் ஒன்று, சுற்றிலும் தாமரிஸ்க் மரங்கள். குளத்திலிருந்து மணலில் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் திசவர். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியர்கள் எழுப்பிய எல்லைக் காவல் கோட்டை. சூரியன் எழுமுன் புறப்படுங்கள். டூகாவில் பன்னிரண்டு பேர் கழிப்பிடத்தில் உட்கார்ந்து கதை பேசிய அதே பேரரசின் ஓரம் இது. மணல் மேட்டின்மேல் ஒரு கல்பெட்டிபோல நிற்கிறது, உள்ளே பாதி மணல். வாசலில் நின்றால் தெற்கே மணலைத் தவிர ஒன்றும் தெரியாது.

திரும்பும் வழியில்

திரும்பும்போது மத்மாத்தா. பெரிய பள்ளம் தோண்டி, பள்ளத்தின் சுவரில் பக்கவாட்டாக அறை குடைந்த வீடுகள். சில குடும்பங்கள் உள்ளே அழைத்துத் தேநீரும் ரொட்டியும் தருவார்கள். அது அவர்களின் வருமானம், எனவே போகும்போது பணம் கொடுப்பது முறை, கேட்காமல் படமெடுப்பது முறையல்ல. வீடுகளைப் பார்த்த பின் சுற்றியுள்ள மலைச் சரிவுகளையும் பாருங்கள். ஓடைத் தடத்தின் குறுக்கே சின்னச் சின்ன மண்ணணைகள், ஒவ்வொன்றின் பின்னும் ஒன்றிரண்டு ஒலிவ மரம். ஜெசூர் என்பார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை பெய்யும் மழையில் வழிந்தோடும் நீரையும் மண்ணையும் ஒருசேரப் பிடித்து வைக்கும் அணை. இந்தப் பயணத்தில் நான் பார்த்த நீர்வேலைகளிலேயே எளியது, இன்னமும் புழக்கத்தில் இருப்பது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. ஆவியில் வேகவைத்த ரவைப் பண்டமான குஸ்குஸ் காய்கறியோடு என்றாலும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். சுட்ட மிளகாய், தக்காளியை மசித்த மெஷ்விய்யா சாலட்டிலும் மேலே சூரைமீன் வைத்துவிடுவார்கள். "பிலா ஹூத், பிலா லஹம்", மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கொண்டைக்கடலையும் ரொட்டியும் சேர்ந்த லப்லாபி மலிவு, வயிறு நிறையும். முட்டை, சூரைமீனைக்கூட விட்டுத் தரச் சொல்லலாம். ஹரிஸ்ஸா என்னும் மிளகாய் விழுதின் காரம் நமக்குப் பொருட்டில்லை.

மத்மாத்தாவிலிருந்து கபெஸ் வந்தால் துனிஸுக்கு ரயிலும் லுவாஜும் உண்டு. ஜெர்பாத் தீவிலிருந்து விமானமும் பிடிக்கலாம். கடைசி நாள் கையிலிருக்கும் தினாரை எண்ணுங்கள். விமான நிலையத்தில் கடவுச்சீட்டுச் சோதனைக்கு முன்னால் உள்ள வங்கிச் சாளரத்தில், எடுத்து வைத்த ரசீதைக் காட்டி யூரோவாக மாற்றிக்கொள்ளுங்கள். சோதனையைத் தாண்டிவிட்டால் உள்ளேயுள்ள வரியில்லாக் கடைகள் தினாரை வாங்குவதில்லை. எனக்கு மிஞ்சிய பதினாலு தினாரும் நாலைந்து மில்லீம் நாணயங்களும் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.